கண்டதும் பெற்றதும்

கல்விச் சுற்றுலா என்னும் தொடரில் இரண்டு சொற்கள் உள்ளன. சுற்றுதல் எளிது; கால்களில் வலிவும் கையில் காசும் இருந்தால் போதும். கல்வி அத்துணை எளிதன்று. இரண்டையும் ஒரு தொடராக இணைத்துவிட்ட காரணத்தால், சுற்றிய இடமெல்லாம் கற்ற இடமாகிவிடும் என்று நாம் நம்பத் தலைப்பட்டோம். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆசிரியப் பெருமக்களும் மாணவமணிகளும் சிறிது அமர்ந்து எண்ணிப் பார்த்தல் நலம்.

சிங்கப்பூரில் ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது மாணவர் குழுக்கள் இந்தியாவுக்குப் புறப்படுவதைக் காண்கிறோம். முன்னோர் பிறந்த மண்ணைப் பிள்ளைகள் ஒரு முறையேனும் மிதித்து வரட்டும் என்பது பெற்றோரின் ஆவல். பாடநூலில் படமாகக் கண்டதைக் கல்லாகவும் மண்ணாகவும் கண்டு வரட்டும் என்பது ஆசிரியரின் ஆவல். இரண்டும் நல்லவையே. ஆயினும் இவற்றுக்கு முன்னே எழ வேண்டிய அறவினா ஒன்று உண்டு. பயணம் செய்பவன் தான் காணும் ஊருக்கும் அவ்வூர் மக்களுக்கும் கடன்பட்டவனா? பயணச்சீட்டுக்கும் விடுதிக்கும் பணம் செலுத்தியவுடன் அவன் கணக்குத் தீர்ந்துவிடுகிறதா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

நிரலில் வெறுமையாக விடப்பட்ட நாள்

இத்தகைய பயணங்களுக்கென அச்சிடப்படும் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். ஒரு நாள் மாமல்லபுரம். ஒரு நாள் தஞ்சைப் பெரிய கோவில். பின்னர் ஆக்ரா, தில்லி. ஒவ்வொரு நாளுக்கும் நேரே பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக நிற்கும். இடையே ஒரு நாளுக்கு நேரே மட்டும் ‘பயண நாள்’ என்ற இரண்டே சொற்கள் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே என்பது அதன் பொருள். அந்த நாளைத் தவிர்க்கும் பொருட்டு இப்பொழுது பலரும் விமானத்தில் பறந்துவிடுகின்றனர். எஞ்சியோருள் பலர் அதை உறங்கிக் கழிக்கின்றனர்.

ஆனால் அந்த வெறுமையான நாளில் என்ன நிகழ்கிறது? சென்னையில் இரவு தொடர்வண்டியில் ஏறினால், மறுநாள் பகல் முழுவதும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் கடந்து அதற்கும் அடுத்த நாள் காலையில்தான் தில்லி வந்து சேரும். விசயவாடாவுக்கு முன்னே கிருட்டிணை ஆறு குறுக்கிடுகிறது. பின்னர்க் கோதாவரி வருகிறது. நாகபுரியைக் கடந்ததும் சாத்புரா மலைத்தொடர் எழுகிறது. அதனை அடுத்து நருமதை. நிலையப் பலகைகளில் தமிழ் எழுத்து மறைந்து தெலுங்கு தோன்றுகிறது. தெலுங்கும் மறைந்து தேவநாகரி நிலைபெறுகிறது. நான்கு மொழிகள் வழங்கும் நாட்டில் வளர்ந்த நம் மாணவன், எதிர் இருக்கையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவும் சொல்லின்றித் தவிக்கிறான். மூதாட்டியோ சொல்லைத் தேடுவதில்லை. தம் மூட்டையை அவிழ்த்து ரொட்டியும் ஊறுகாயும் எடுத்து ஒரு தாளில் வைத்து அவன்பால் நீட்டுகிறார். இந்தியத் தொடர்வண்டியில் நெடுந்தொலைவு சென்றவர் எவரும் இக்காட்சியை அறிவர்.

தஞ்சைக் கோபுரத்தை நம் மாணவன் கண்டான். இம்மூதாட்டியிடமிருந்தோ அவன் ஒன்றைப் பெற்றான். கண்டதற்கும் பெற்றதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணர்வதே பயணக் கல்வியின் முதற்பாடம் என்பது என் துணிபு. காட்சிக்கு உரியவர் எவரும் நம் எதிரில் நிற்பதில்லை. கொடைக்குக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. கொடுத்தவர் ஒருவர் உண்டெனில் பெற்றவனுக்குக் கடனும் உண்டு.

இகழ்ச்சியும் வியப்பும்

வெறுமனே கண்டு திரும்பும் பயணத்தில் இருவகைக் குறைகள் நேர்வதைக் காணலாம். ஒன்று இகழ்ச்சி. தெருவில் குப்பை கிடந்தது, வண்டி காலந்தாழ்ந்து வந்தது, கழிப்பறை தூய்மையாக இல்லை என்று அடுக்கி, நம் நாடே நாடு என்று முடிக்கும் மனப்பான்மை அது. மற்றொன்று அளவிறந்த வியப்பு. அங்கே எல்லாம் தொன்மை, எல்லாம் தெய்விகம், நாம் இழந்தவை யாவும் அங்கே உள்ளன என்று உருகும் மனப்பான்மை அது. முன்னது பழிக்கிறது, பின்னது புகழ்கிறது. ஆயினும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. இரண்டிலும் அங்கு வாழும் மனிதர் மறைந்துபோகின்றனர். இகழ்பவனுக்கு அவர்கள் குறையின் சான்று. வியப்பவனுக்கு அவர்கள் பெருமையின் சான்று. தமக்கெனப் பசியும் வேலையும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலையும் உடைய மாந்தர் என்று அவர்களை எண்ணிப் பார்க்க இருவருமே மறந்துவிடுகின்றனர்.

இக்குறையை நீக்கும் வழி யாது? ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்பது ஆசிரியர் பயிற்சியில் நாம் யாவரும் கற்ற முதல் விதிகளுள் ஒன்று. அவ்விதியை இங்கும் பின்பற்றலாம். இந்தியாவைக் காணப் புறப்படும் மாணவனை அதற்கு முன்னே சைனாடவுனுக்கு ஒரு நாள் அழைத்துச் செல்ல வேண்டும் என்பேன்.

சைனாடவுன் கற்பிக்கும் பாடம்

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தடத்து வண்டியில் ஏறினால், அதிலிருந்து மூன்றாவது நிலையம் சைனாடவுன். 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘சைனாடவுன்’ என்று தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. சீனர் பேட்டைக்குத் தமிழில் எதற்குப் பெயர் என்று வினவும் மாணவனை நிலையத்தை விட்டு வெளியே அழைத்து வந்து தெருப் பெயர்களைப் படிக்கச் சொல்லலாம். பகோடா தெரு, கோவில் தெரு எனப் பொருள்படும் டெம்பிள் ஸ்திரீட், பள்ளிவாசல் தெரு எனப் பொருள்படும் மாஸ்க் ஸ்திரீட். முதல் இரண்டும் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோவிலால் வந்த பெயர்கள். பகோடா என்று குறிக்கப்பட்டது அக்கோவிலின் கோபுரமே. மூன்றாவது, சோழிய முசுலிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசலால் வந்த பெயர். சீனர் பேட்டையின் நடுவிடத்தில் மூன்று தெருக்கள் தமிழ் மக்களின் வழிபாட்டிடங்களால் பெயர் பெற்றுள்ளன.

இக்கோவிலின் தொடக்கமும் ஒரு பயணமே. 1819இல் இராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கற்சூளை நடத்தியவர். துணி வணிகமும் செய்தவர். கோவிலுக்கென முதலில் கிடைத்த இடம் தெலுக் ஆயர் தெருவில் இருந்தது. அங்கே வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் கிட்டவில்லை. ஆகவே வேறிடம் நாடவேண்டியதாயிற்று. முடிவில் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் அமைந்து, 1827இல் மரமும் கூரையுமாக எளிய கோவில் ஒன்று எழுந்தது. இன்று நாம் காணும் கோபுரம் 1925இல் எழுந்தது. 1973இல் கோவில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீருக்காகக் கோவில் இடம் மாறியது. அப்பேட்டையோ தண்ணீர் சுமந்த வண்டியாலேயே பெயர் பெற்றது. கிரேத்தா ஆயர் என்னும் மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். சீனர் வழங்கும் பெயரும் மாட்டுவண்டித் தண்ணீர் என்றே பொருள்படும். கடல் கடந்து வந்த இரு மக்களுக்கும் குடிநீரே முதற்கவலையாக இருந்தது.

கப்பலிலிருந்து இறங்கிய தமிழனுக்கு இவ்வூரில் உறவில்லை. சீனப் பலகைகளை அவனால் படிக்க இயலாது. வேலையும் தங்குமிடமும் கிடைக்கும் வரையில் அவனைப் போன்றோர்க்கு மாரியம்மன் கோவிலே புகலிடமாக விளங்கியது. பகோடா தெருவின் நெரிசலான விடுதிகளில் அடைந்து கிடந்த சீனக் கூலியாட்களின் நிலையும் இத்தகையதே. நருமதைக் கரையில் மொழியின்றித் தவிக்கும் நம் மாணவனின் தவிப்பைச் சவுத் பிரிட்ஜ் சாலையில் அவனுடைய முப்பாட்டன் தவித்திருக்கக்கூடும். இதனை எண்ணிப் பார்க்கும் மாணவன், புரியாத மொழி பேசுவோரைக் கண்டு நகைக்க மாட்டான்.

இன்னொரு பாடமும் இங்குண்டு. கோவிலின் உள்ளே ஒரு மாணவி கூந்தலில் பூச்சூடி, கண்மூடிக் கைகூப்பி நிற்கிறாள் என்று கொள்வோம். அயல்நாட்டுப் பயணி ஒருவர் அவளைக் கேளாமலே அவள் முகத்துக்கு நேரே நிழற்படக் கருவியை நீட்டுகிறார். அக்கணத்தில் அவள் உள்ளம் என்ன பாடுபடும்? தன் வழிபாடு பிறர்க்கு வேடிக்கையாயிற்றே என்று கூசும். அதே மாணவி சில நாட்களுக்குப் பின் தொடர்வண்டியின் சன்னலோரம் அமர்ந்து, நிலையத்தில் பிள்ளைக்குச் சோறூட்டும் ஏழைத் தாய் ஒருத்தியைப் படம் எடுக்கக் கருவியை உயர்த்தும்போது, கோவிலில் தான் கூசியது அவள் நினைவுக்கு வர வேண்டும். பிறர் நம்மை எவ்வாறு காண வேண்டும் என்று விரும்புகிறோமோ அவ்வாறே நாமும் பிறரைக் காண வேண்டும். பார்வையின் அறம் இதுவே. பார்க்கப்படுதல் எத்தகையது என்று அறிந்தவனே நன்றாகப் பார்க்கத் தக்கவன். சைனாடவுனில் நம் பிள்ளைகள் காண்போராகவும் இருக்கின்றனர், காணப்படுவோராகவும் இருக்கின்றனர். அதனாலேயே இதனை ஓர் ஒப்பற்ற பள்ளிக்கூடம் என்கிறேன்.

கரை சேர்ந்தோர் செலுத்திய கடன்

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் தெலுக் ஆயர் தெரு. இன்று உயர்ந்த கட்டடங்களுக்கிடையே கிடக்கும் அத்தெரு ஒரு காலத்தில் கடற்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்த பின்னரே அது உள்நிலத் தெருவாயிற்று. நாகூர் ஆண்டவரின் நினைவாகத் தமிழ் முசுலிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டிய நாகூர் தர்கா அத்தெருவில் நிற்கிறது. சில கட்டடங்கள் தள்ளி, கடலோடிகளைக் காக்கும் தெய்வமாகிய மாசூவுக்கு ஹொக்கியன் சீனர் 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் கோவில் நிற்கிறது. இன்னும் சிறிது தள்ளி, ‘குச்சுப் பள்ளி’ என்று தமிழர் அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல். குடிசையாகத் தொடங்கியதனால் வந்த பெயர் அது.

புயலுக்கும் நோய்க்கும் தப்பிக் கரையேறியவர்கள் தங்குவதற்கு நல்ல வீடு கட்டிக்கொள்வதற்கு முன்பே நன்றி செலுத்த ஓரிடம் அமைத்துக்கொண்டனர். மொழி வேறு, சமயம் வேறு, செயல் ஒன்று. பயணத்தின் முடிவில் ‘நான் எதைக் கண்டேன்?’ என்று அவர்கள் கணக்கெடுக்கவில்லை. ‘யார் என்னைக் காத்தார்?’ என்று வினவினர். அவ்வினாவின் விடையே அத்தெருவில் கல்லும் சுதையுமாக நிற்கிறது. கண்டதைப் பற்றிய நினைவு மங்கும். பெற்றதைப் பற்றிய நினைவு கட்டடமாக நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அண்ணலின் பயணம்

அயல்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து இந்தியாவைக் காணச் சென்றவருள் தலையாயவர் காந்தியடிகள். 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற அவர் 1915ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பம்பாயில் வந்து இறங்கினார். ஓராண்டுக் காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அதுவரை பொதுவாழ்வுச் செய்திகளில் கருத்துரைத்தல் கூடாது என்பது கோகலே அவருக்குக் கூறிய அறிவுரை. கோகலே அடுத்த மாதமே மறைந்தார். ஆயினும் காந்தியடிகள் சொன்ன சொல்லைக் காத்தார். மூன்றாம் வகுப்பில் மக்களோடு நெருங்கி அமர்ந்து நாட்டைச் சுற்றினார். செவியைத் திறந்து வாயை அடக்கிய பயணம் அது.

அப்பயணத்தின்போது அவர் தஞ்சை மாவட்டத்துத் தில்லையாடிக்கும் சென்றார். அங்கே அரண்மனையோ கலைக்கூடமோ இல்லை. தென்னாப்பிரிக்க அறப்போரில் சிறை சென்று, நோயுற்று, விடுதலை பெற்ற சின்னாட்களில் 1914இல் உயிர்நீத்த பதினாறு வயது வள்ளியம்மையின் முன்னோர் ஊர் அது. வள்ளியம்மை பிறந்ததும் வளர்ந்ததும் தென்னாப்பிரிக்காவில்தான். நம் மேல்நிலை மாணவியரின் அகவையுடைய அப்பெண் போராட்டத்துக்குத் தன் உயிரையே தந்தாள். தந்தவளுக்கு உரிய கடனை நினைந்தே அவர் அவ்வூரை நாடினார். சுற்றுலா நிரலில் இடம்பெறாத ஊரும் ஒருவனுக்குத் திருத்தலமாகக் கூடும். அவன் அங்கிருந்து பெற்றதே அதனைத் தீர்மானிக்கிறது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். ‘விருந்தாளியாகச் சென்றவன் குறையே காணக்கூடாதா? குப்பையைக் குப்பை என்று சொல்வதும் வறுமையை வறுமை என்று சொல்வதும் உண்மையன்றோ?’ என்று மாணவர் வினவுவர். வினவுதல் முறையே. உண்மையை மறைக்கச் சொல்லும் அறம் அறமாகாது. காந்தியடிகளும் மறைக்கவில்லை. 1917இல் அவர் மூன்றாம் வகுப்புப் பயணிகள் படும் துன்பத்தை விரித்து எழுதினார்; நெரிசலையும் அழுக்கையும் ஒளிக்காமல் உரைத்தார். ஆனால் அவ்விருக்கையில் தாமே அமர்ந்து, அத்துன்பத்தைத் தாமும் துய்த்த பின்னரே உரைத்தார். மாற்ற வேண்டும் என்னும் கவலையோடு உரைத்தார். இகழ்ச்சிக்கும் கண்டிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. உடன் அமர்ந்தவனுக்குக் கண்டிக்கும் உரிமை உண்டு. சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு அவ்வுரிமை இல்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. ‘நாம் பணம் கொடுத்துப் போகிறோம், பிறகு கடன் எங்கிருந்து வந்தது?’ என்பர் சிலர். பணம் எதை வாங்கியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இருக்கையைப் பணம் வாங்கியது. நெருக்கத்தில் சற்று ஒதுங்கி அமர்ந்து நம் பிள்ளைக்கு இடம் தந்த உழவரின் பெருந்தன்மையைப் பணம் வாங்கவில்லை. விடுதி அறையைப் பணம் வாங்கியது. வழி தவறி நின்ற மாணவர்களைத் தம் வேலையை விட்டுவிட்டு உடன் நடந்து கொண்டுவந்து சேர்த்த கடைக்காரரின் அரைமணி நேரத்தைப் பணம் வாங்கவில்லை. எந்தப் பயணத்திலும் விலைக்கு வந்தவற்றினும் விலையின்றி வந்தவையே மிகுதி. விலையின்றி வந்தவற்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆகையால்தான் அவற்றை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் கடன்

தமிழ் மரபு இவ்வுண்மையைப் பண்டே உணர்ந்திருந்தது. பத்துப்பாட்டுள் சரிபாதியான ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, தான் சென்ற வழியையும், பெற்ற வளத்தையும், தந்தவன் பண்பையும் எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவதே அவ்விலக்கியம். அதில் வழிநெடுகக் காட்சிகள் உண்டு. ஆறும் மலையும் ஊரும் உண்டு. ஆயினும் அவையனைத்தும் கொடுத்தவரைச் சுட்டுவதற்காகவே அமைந்தவை. வள்ளலின் மனையை எட்டுமுன் இடைவழியிலுள்ள எளிய குடிமக்களும் தம் தம் நிலத்து உணவைத் தந்து வழிப்போக்கரை ஓம்புவர். அவர்களும் பாட்டில் இடம்பெறுவர். ‘பயண நாள்’ அங்கே வெறுமையாக விடப்படவில்லை. பாட்டின் பெரும்பகுதியே பயண நாள்தான். பெற்றவன் பெற்றதை மறைக்காமல் பிறனுக்கு வழிகாட்டுவதே அவன் செலுத்தும் கடன்.

நம் வகுப்பறைகளிலோ விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ‘நான் கண்டுகளித்த இடம்’ என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். மாணவனும் கோபுரத்தின் உயரத்தையும் கல்லின் எடையையும் எழுதி மதிப்பெண் பெறுகிறான். அச்செய்திகளை நூலகத்தில் இருந்தபடியே எழுதியிருக்கலாம். ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். அத்தலைப்பை ஒரு முறை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ‘நான் பெற்றதும், எனக்குத் தந்தவரும்’ என்று எழுதச் சொல்லுங்கள். இத்தலைப்பு கிடைத்த மாணவன் நூலகத்தைத் தேட இயலாது. தன் நினைவைத்தான் தேடியாக வேண்டும். தேடும்போது ரொட்டி தந்த மூதாட்டி அகப்படுவார். ஒதுங்கி இடம் கொடுத்த உழவர் அகப்படுவார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லையே என்னும் ஏக்கமும் சிலர்க்குப் பிறக்கலாம். அவ்வேக்கம் பிறந்தால் அடுத்த பயணத்தில் அவர்கள் பெயர் கேட்பார்கள். அதனைப் புறப்படுமுன்பே சொல்லிவைத்தால் இன்னும் நன்று.

எல்லாரும் இந்தியாவுக்குப் போக இயலாது. செலவு தாங்காத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அப்பிள்ளைகள் தாழ்வுற வேண்டுவதில்லை. மூன்று நிலையங்கள் கடந்து சைனாடவுனில் இறங்கி, சவுத் பிரிட்ஜ் சாலையில் தொடங்கித் தெலுக் ஆயர் தெரு வரை ஒரு காலைப்பொழுது நடந்து, அங்குக் கடை வைத்திருக்கும் முதிய சீனரிடம் ஒரு சொல் பேசி மீளும் பிள்ளையும் பயணியே. கொடுப்போர் எல்லாத் தெருவிலும் இருக்கின்றனர். பெறுகிறோம் என்று உணர்பவரே அரியர். அவ்வுணர்வை ஊட்டி அனுப்புவது ஆசிரியர் கடன். பெற்றதை ஒப்புக்கொண்டு பிறர்க்கு வழிசொல்லுவது மாணவர் கடன். இவ்விரு கடன்களும் செலுத்தப்படும் பயணமே கல்விச் சுற்றுலா என்னும் பெயருக்கு உரியது.